தோஷமுள்ள கல்

1926ஆம் ஆண்டு பீர்மேட்டில் ஒரு சிறுமிக்கு எட்டு வயது நிறைந்தது. அந்த வீட்டில் பெண் குழந்தைக்கு அந்த வயதில் வைரத்தோடு வாங்கிப் போடுவது வழக்கம். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகள் வேண்டும் என்று அவள் கேட்டாள். வாங்கியும் கொடுத்தார்கள். ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த வீடு, அப்பா பொறியாளர், எட்டுப் பிள்ளைகளில் இவள் ஏழாவது. பையன்கள் வேலைக்கு, பெண்கள் கல்யாணத்துக்கு என்று பிரித்து வைத்திருந்த குடும்பம்தான் அதுவும்.

அன்னா மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது. பதினைந்து பதினாறு வருடம் கழித்து அவர் கைக்கு வைரங்கள் வந்து சேர்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, உதவித்தொகை பெற்று, 1940இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது ராமனுக்கு வைரப் பித்து. ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் வைரத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மணிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வைரங்கள் உமிழும் ஒளியை அளப்பது.

வைரம் எப்படி ஒளியை உமிழும்? நகைக்கடை வெளிச்சத்தில் மின்னுவது வேறு. அது கல்லுக்குள் போன வெளிச்சம் பட்டைகளில் பட்டுத் திரும்புவது. மணி அளந்தது கல்லே பிறப்பிக்கும் வெளிச்சத்தை. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. நான் தமிழ் படித்தவள். பத்தாம் வகுப்போடு அறிவியல் பாடத்துக்கு விடை கொடுத்தவள். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையில் இருக்கும் ஒரு இளைய தோழி, என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவள், மதிய இடைவேளைகளில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய முதல் பாடம் அடுப்படியிலிருந்து வந்தது. “சாம்பார் பொங்கி வழிஞ்சா கேஸ் அடுப்புல நீலத் தீ மஞ்சளா மாறுதுல்ல அக்கா, அது ஏன்?”

நாற்பது வருடமாக நான் அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. சாம்பாரில் உப்பு இருக்கிறது. உப்பில் சோடியம். தீயின் வெப்பம் சோடியம் அணுவின் வெளிவட்ட எலக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. அது மேலே நிலைத்து நிற்பதில்லை. ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம்கூட ஆவதற்குள் பழைய இடத்துக்கே இறங்குகிறது. ஏறும்போது வாங்கிய ஆற்றலை இறங்கும்போது ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. எந்த நாட்டு அடுப்பானாலும், எந்தக் கடலின் உப்பானாலும் அந்த மஞ்சள் ஒன்றேதான். அலைநீளம் 589 நானோமீட்டர். பழைய தெருவிளக்குகளில் எரிந்த சோடியம் விளக்கின் மஞ்சளும் அதுதான்.

ஏன் ஒன்றேதான்? எலக்ட்ரான் நிற்கக்கூடிய இடங்கள் அணுவுக்குள் படிகள் மாதிரி இருக்கின்றன. படியில் நிற்கலாம், இரண்டு படிக்கு நடுவே நிற்க முடியாது. ஹைட்ரஜனில் மிகத் தாழ்ந்த படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 10.2 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 1.89தான். மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வரும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் 656 நானோமீட்டரில் சிவப்பு. நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் 486இல் பச்சை கலந்த நீலம். படிகளின் உயரம் மாறாததால் நிறமும் மாறாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் படிக்கட்டு வேறு என்பதால், வரும் கோடுகளை வைத்தே அங்கே இருப்பது எது என்று சொல்லிவிடலாம். சூரியனில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இப்படித்தான்.

ஒரு செய்தியை மட்டும் இடையில் சொல்லிக்கொள்கிறேன். ஹைட்ரஜனின் நான்கு கோடுகளும் ஒரே சூத்திரத்துக்குள் அடங்குகின்றன என்று 1885இல் கண்டுபிடித்த பால்மர், பேசல் நகரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியர். அப்போது அவருக்கு வயது அறுபது. அந்தச் சூத்திரம் ஏன் பொருந்துகிறது என்று நீல்ஸ் போர் விளக்க இன்னும் இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

மேலே ஏறிய எலக்ட்ரானின் நிலைக்குத் தமிழ்ப் பாடநூலில் ‘கிளர்ச்சி நிலை’ என்று பெயர். செய்தித்தாளில் கிளர்ச்சி என்றால் போராட்டம். கவிதை எழுதுகிறவளுக்கு இது போதாதா! வெளிச்சம் பட்டதும் ஒளிர்ந்து, வெளிச்சம் நின்றதும் உடனே நின்றுவிடுவதற்கு உடனொளிர்தல். வெளிச்சத்தை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டிருப்பதற்கு நின்றொளிர்தல். இந்தச் சொற்களை உருவாக்கியவர் யாரோ, கையெடுத்துக் கும்பிடலாம். அதைவிடப் பழைய புதிர் ஒன்று நம் மொழியில் இருக்கிறது. ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைந்துகொள் என்றும் பொருள். அப்படியானால் இந்த ஒளி எலக்ட்ரானுக்குள் முன்பே ஒளிந்திருந்ததா என்று தோழியிடம் கேட்டேன். இல்லையாம். இறங்கும் அந்தக் கணத்தில்தான் அது பிறக்கிறதாம். அதற்கு முன்பு ஆற்றல் இருந்தது, ஒளி இல்லை. என் கவிதைக்கு இது வசதியாக இல்லை. ஆனால் உண்மை அப்படியிருந்தால் என்ன செய்வது.

இனி வைரத்துக்கு வருகிறேன். குறையே இல்லாத வைரம் ஒளிராது. கரியணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கட்டமைப்பில், எலக்ட்ரானைக் கீழிருந்து மேலே தூக்க ஏறக்குறைய 5.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எந்த நிறத்திடமும் அவ்வளவு ஆற்றல் கிடையாது. அதனால் வெளிச்சம் அதைத் தொடாமல் ஊடுருவிப் போய்விடும். வைரம் தெளிவாக இருப்பது அதனால்தான். ஆனால் பூமிக்கடியில் பல கோடி வருடம் கிடந்த கல்லில் குறை இல்லாமல் இருக்குமா? சில இடங்களில் கரியணு காணாமல் போயிருக்கும். அந்தக் காலியிடத்தைச் சுற்றிக் கரியணுக்களுக்குப் பதில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். இந்தக் குறை, தாண்ட முடியாத அந்தப் பெரிய இடைவெளிக்குள் புதிதாகச் சில படிகளைப் போட்டுவிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் எலக்ட்ரான் அந்தப் படியில் ஏறும். கொஞ்சம் ஆற்றலை அக்கம்பக்கத்து அணுக்களுக்கு அதிர்வாகக் கொடுத்துவிட்டு, மீதியை நீல ஒளியாக உமிழ்ந்து இறங்கும். அந்த நீலம் தொடங்கும் இடம் 415.2 நானோமீட்டர். அன்னா மணி தன் நிழற்படத் தகடுகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்த கோடுகளில் இதுவும் ஒன்று.

இதைப் படித்தபோது என் அம்மாச்சியின் தோடு நினைவுக்கு வந்தது. மதுரைப் பக்கம் ஓரளவு வசதியான வீடுகளில் ‘ப்ளூ ஜாகர்’ ஏழு கல் தோடு என்றால் தனி மதிப்பு. (எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. யார் வீட்டில் இருந்தது, யார் வீட்டில் இருக்க முடியாமல் போனது என்பதில் சாதியும் நிலமும் இருக்கின்றன.) தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டெயின் என்றொரு சுரங்கம். கறுப்பினத் தொழிலாளிகள் வெட்டியெடுத்த அந்தக் கற்கள் வெயிலில் லேசாக நீலம் பாய்ந்து தெரியும். அந்த ஊர்ப் பெயர்தான் நம் வாயில் ஜாகர் ஆயிற்று. வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கிறது, குண்டு பல்பில் அது மிகக் குறைவு. அதனால்தான் அம்மாச்சி தோட்டைக் காட்ட வேண்டும் என்றால் விருந்தாளியை வாசல் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அவள் பெருமைப்பட்ட நீலம், கல்லின் குறையிலிருந்து வந்த வெளிச்சம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி சாப்பிட வந்திருந்தாள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்றைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள். அம்மா பீரோவிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தார். பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். வலது தோட்டில் டார்ச்சைக் காட்டியதும் ஏழு கல்லும் நீலமாக எரிந்தன. எரிந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவு நீலம். இடது தோட்டில் ஆறு கல் எரிந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் இருட்டாக இருந்தது.

“இது மட்டும் ஏன் இப்படி?” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது அப்பவே மாத்துனது” என்றார்.

1969இல் அம்மாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பணம் கட்ட வேண்டும். தாத்தா, பொட்டச்சிக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று சொல்லிவிட்டார். அம்மாச்சி, தோட்டில் திருகு தளர்ந்துவிட்டது என்று சொல்லி பத்தரிடம் கொண்டுபோய், ஒரு கல்லைக் கழற்றி விற்றுவிட்டு வேறு கல்லைப் பதித்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க இடது பக்கம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். வேறொரு காரணம் இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். “எங்கப்பாவுக்குச் சாகுற வரைக்கும் தெரியாது. எனக்கே எம்பது வருசத்துலதான் சொன்னா” என்றார் அம்மா. அவர் சொன்னது 1980.

அந்தக் கல்லும் வைரமாக இருக்கலாம் என்று தோழி சொன்னாள். புற ஊதாவில் ஒளிர்வது மூன்றில் ஒரு பங்கு வைரங்கள்தானாம், ஒளிராததாலேயே போலி என்று முடிவு செய்ய முடியாதாம். கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அம்மா தோட்டைச் சுருட்டித் துணியில் முடிந்துகொண்டார். “தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? இருக்கட்டும் தாயி.”

கல்லுக்குத் தோஷம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வாங்குவதற்கு முன்பு மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, கெட்ட கனவு வருகிறதா, யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கரும்புள்ளி இருந்தால் ஆகாது, கீறல் இருந்தால் ஆகாது. பெண்ணுக்குத் தோஷம் பார்ப்பதும் இதே மாதிரிதான். எனக்குச் செவ்வாய் தோஷம். ஏழில் செவ்வாய். இருபத்தொரு வயதிலிருந்து முப்பது வரை ஜாதகம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மூன்று முறை போனோம். இடையில் சும்மா இருக்கிறாளே என்று எம்.ஃபில். சேர்த்தார்கள். அதுவும் முடிந்து ஜாதகம் அமையவில்லை, பிஎச்.டி. சேர்த்தார்கள். என்னோடு எம்.ஏ. படித்த தோஷமில்லாத பெண்கள் பதினொரு பேர். அவர்களில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். ஒருத்திகூட ஆய்வேடு எழுதவில்லை. என் படிப்பைப் பற்றி யாராவது பாராட்டிப் பேசும்போதெல்லாம் நான் செவ்வாய்க் கிரகத்துக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மணியின் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டேன். வைரத்தின் ஒளிர்வு மங்கலானது. அதை நிறமாலையாகப் பிரித்து நிழற்படத் தகட்டில் விழவைத்தால் இன்னும் மங்கும். சில கற்களுக்குப் பதினைந்திலிருந்து இருபது மணி நேரம் தகட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் அணுக்களின் அதிர்வால் கோடுகள் பரவித் தெளிவில்லாமல் போகும். ஆகவே கல்லைத் திரவக் காற்றில் வைத்து ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழ் 190 டிகிரியில் குளிரவைக்க வேண்டும். திரவக் காற்று ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் ஏதாவது அசைந்தால் ஒரு நாள் வேலை போச்சு. மணி பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். ராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பேசுவது, நடப்பது எல்லாம் அவருக்குப் பிடிக்காது. சில ஆண்டுகளுக்கு முன்னால், 1933இல், பெண் என்ற காரணத்தால் கமலா பாக்வத்துக்கு அந்த நிறுவனத்தில் இடம் மறுத்தவரும் அவர்தான். கமலா விடாமல் நின்று, நிபந்தனைகளோடு இடம் வாங்கினார். இப்படிப்பட்ட இடத்தில்தான் இரவு முழுக்க ஒரு பெண் தனியாக ஒரு கல்லின் வெளிச்சத்துக்குக் காவல் இருந்தாள். 1942க்கும் 1945க்கும் இடையில் வைரம், மாணிக்கம் பற்றி ஐந்து கட்டுரைகள் தன் பெயரில் மட்டும் வெளியிட்டாள்.

வைரம் ஒளிர்வதற்கு வேற்றுப் பொருள் காரணமில்லை, அதன் சொந்தக் கட்டமைப்பே காரணம் என்று ராமன் நம்பினார். வைரத்தில் நைட்ரஜன் இருப்பது 1959இல்தான் தெரியவந்தது. கொள்கை போயிற்று, மணி அளந்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. 4152, 5032 என்று ஆங்ஸ்ட்ராம் கணக்கில் அன்றைக்கு எழுதிய எண்களை இன்றைக்கும் வைரத்தைச் சோதிக்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

1945 ஆகஸ்டில் மணி தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பெங்களூரில் செய்யும் ஆய்வுக்கு அப்போது அங்கேதான் பட்டம். எம்.எஸ்சி. இல்லை, ஆகவே பிஎச்.டி. கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஆனர்ஸ் பட்டம் இருந்தது. மேற்படிப்புக்குப் போட்டியிட்டு வாங்கிய உதவித்தொகை இருந்தது. ஐந்து கட்டுரைகள் அச்சில் இருந்தன. ஒரு படி இல்லை. அதே 1945இல் லண்டனில் ராயல் சொசைட்டி முதன்முதலாக இரண்டு பெண்களைத் தன் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் மார்ஜரி ஸ்டீஃபன்சன். இன்னொருவர் காத்லீன் லான்ஸ்டேல். இவரும் வைரத்தை ஆராய்ந்தவர், வைரத்தைப் பற்றி ராமனோடு மல்லுக்கு நின்றவர். போர்க்காலப் பதிவுக்கு மறுத்து ஒரு மாதம் சிறையும் இருந்தவர். இரண்டு நிகழ்ச்சிக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மணி அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். இயற்பியல் தொடரத்தான் போனார். அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். ஓசோனை அளக்கும் கருவி செய்தார். காற்றாலை எங்கே வைக்கலாம் என்று சொல்லும் காற்று அளவுகளைப் பின்னாளில் திரட்டினார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். வைரத்தின் வெளிச்சத்தை அளந்த பெண் வெயிலை அளக்கப் போனாள். பட்டம் கிடைக்காத ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் பட்டம் கிடைத்தவற்றோடு அதே மாதிரி கட்டு போட்டு நிற்கிறது. முதுகைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாதாம்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். நம்மைப் போன்றவர்களுக்கு அன்னா மணி ஒரு நல்ல உதாரணம். அநீதி, ஆதாரம், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அவர் நம் உதாரணமாக இருக்கச் சம்மதிக்கவில்லை. பட்டம் கிடைக்காததில் தனக்கு மனக்குறை இல்லை, அதனால் தன் வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை என்றுதான் வயதான காலத்தில் சொன்னார். பெண்களும் அறிவியலும் என்ற பேச்சே அவருக்கு அலுப்பாக இருந்தது. அதே பேச்சில், ஒரு பெண் கருவியைக் கையாள்வதில் சின்னத் தவறு செய்தாலும் அதைப் பெண்களின் திறமையின்மை என்று ஆண்கள் உடனே பரப்பியதையும் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

இந்த மாதிரிப் பெண்களைப் பற்றி எழுதும்போது நாம் செய்யும் வேலை ஒன்று உண்டு. அவர்கள் காயத்தை உணரவில்லை, நாம் அவர்களுக்காக உணர்கிறோம் என்று எழுதுவோம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இருபது மணி நேரம் ஒரு தகட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, தன்னை மற்றவர்கள் எப்படி எழுதிவைக்க வேண்டும் என்று சொல்ல உரிமை இருக்கிறது. அவருக்குக் குறை இல்லை என்றால் இல்லை. ஆனால் அவருக்கு மனக்குறை இல்லாததால் அந்த விதி சரியாகிவிடாது. விதியைப் பற்றிய கேள்வி அவருடைய மனநிலையைப் பொறுத்ததல்ல. அது அடுத்து வரிசையில் நிற்பவளைப் பொறுத்தது.

அடுத்து வரிசையில் நின்றவளை எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்கு வரும் விண்ணப்பங்களில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் குழுவில் இரண்டு வருடமாக நானும் இருக்கிறேன். மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடம் வந்த விண்ணப்பம் ஒன்று. வயது நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்பு முடித்ததும் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, முப்பது வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத்தேர்வு எழுதி பி.ஏ. முடித்தாள். பிறகு தினமும் பஸ்ஸில் போய் வந்து எம்.ஏ. முடித்தாள், நூற்றுக்கு எழுபத்திரண்டு. மேலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் நடவுப் பாட்டுகளைச் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். நூற்று நாற்பது பாட்டு. பாடியவர்களில் சிலர் இன்று இல்லை. பாட்டின் பாதியில் நாற்று முடி எறியும் சத்தமும் மேஸ்திரி திட்டுவதும் கேட்கின்றன. பிளஸ் டூவும் இருக்கிறது. பி.ஏ. முடித்த பிறகு தனித்தேர்வராக எழுதியது. அங்கேதான் இடிக்கிறது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் இல்லை.

“எல்லாம் சரியா இருக்கு மேடம், வரிசைதான் தப்பு” என்றார் குழுவில் மூத்தவர். கெட்ட மனிதர் இல்லை. இவருக்குப் பதில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். விதியைப் படித்துக் காட்டினார். விதி அப்படித்தான் இருக்கிறது.

அன்று மாலை தோழியிடம் புலம்பினேன். எலக்ட்ரான் ஒன்றாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவில் போகிறது, மூன்றிலிருந்து ஒன்றுக்கும் நேராக இறங்குகிறது, இரண்டாம் படியில் நின்றதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லையே என்றேன். அவள் சிரித்துவிட்டு, “அங்கயும் விதி இருக்கு அக்கா” என்றாள். எல்லாப் படியிலிருந்தும் எல்லாப் படிக்கும் இறங்கிவிட முடியாதாம். சில இறக்கங்களுக்கு ‘தடைசெய்யப்பட்டவை’ என்றே பெயர். தடை என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளில்லை, மிக அரிதாக, மிகத் தாமதமாக நடக்கும் என்று பொருள். வானத்தில் சில நெபுலாக்களில் ஒரு பச்சைக் கோடு தெரிகிறது, 500.7 நானோமீட்டர். பூமியில் எந்த ஆய்வுக்கூடத்திலும் அந்தக் கோடு கிடைக்காததால் அது புதுத் தனிமம் என்றே நினைத்து, நெபுலியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927இல்தான் ஐரா போவன் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார். அந்த எலக்ட்ரான் இறங்கக் காத்திருக்கும் நேரம் சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல். மற்றதெல்லாம் நொடியின் கோடியில் ஒரு கூறில் முடிகிற இடத்தில் அரை நிமிடம் என்பது யுகம். பூமியில் காற்றடைத்த குழாய்க்குள் அவ்வளவு நேரம் யாரும் அதை விட்டுவைப்பதில்லை. பக்கத்து அணு வந்து மோதி ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நெபுலாவில் வாயு மிக மெலிந்தது, மோத ஆளில்லை. அதனால் அங்கே அது ஒளியாகிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பக்கத்துக்கு மாற்றுக் கருத்து எழுதி இணைத்தேன். விண்ணப்பதாரரின் கல்வியில் எந்தப் படியும் விடுபடவில்லை, ஏறிய வரிசை மட்டுமே மாறியிருக்கிறது, அந்த வரிசையைத் தீர்மானித்தது அவர் இல்லை, பதினைந்து வயதில் அவருக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு என்று எழுதினேன். அன்னா மணியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தேன். மூத்தவர் அதைப் படித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு மேடம், ஃபைல்ல வைரத்தைப் பத்தி” என்றார். வைத்தே அனுப்பினேன். கோப்பு மேலே போயிருக்கிறது. மூன்று மாதம் ஆகிறது. பதில் வரவில்லை. எனக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது, அதற்கும் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. கோப்பைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களாம்.

“இன்னும் ரெண்டு ஊரு பாக்கி இருக்கு மேடம். அங்க ஒரு கெழவி இருக்காங்க, எங்கயும் கேக்காத மெட்டுல பாடுறாங்களாம். நடவு முடியுறதுக்குள்ள போயிட்டு வந்துர்றேன். செல்லுல எடம் பத்தல, பழைய பாட்டை எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கிறீங்களா?”